சூளையில் கேட்ட சிங்கம்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பட்டணம் போவது அரக்கோணம், திருத்தணி, காஞ்சிபுரம் பக்கத்துச் சனங்களுக்குப் பழைய வழக்கம். எங்கே எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டால் மூன்று இடம் சொல்வார்கள்: செத்த காலேஜ், உயிர் காலேஜ், பீச். பாடம் பண்ணி வைத்த விலங்குகளும் கூரையை முட்டும் திமிங்கில எலும்புக்கூடும் இருக்கிற எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பூங்காவில் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இரண்டையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றால்தான் காணும் பொங்கல் முடிந்த மாதிரி.

அந்த இரண்டு காலேஜும் ஒரே வளாகத்தில் பிறந்தவை என்பது விலங்கியல் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அருங்காட்சியகத்தை நடத்திவந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், 1855-இல் கர்நாடக நவாபிடம் பேசி அவர் வளர்த்துவந்த விலங்குகளையெல்லாம் வாங்கிவந்தார். பார்க்கக் கூட்டம் முட்டியது. ஒரே வருடத்தில் விலங்கு, பறவை, ஊர்வன எல்லாம் சேர்த்து 360-க்கு மேல் ஆகிவிட்டன. 1863-இல் நகராட்சி அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்து, பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு கோடிக்கு மாற்றியது. கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் முயற்சியால் உருவான 116 ஏக்கர் தோட்டம் அது. நாங்கள் போன 1970-களின் தொடக்கத்தில் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் விளையாட்டுத் திடல்களும் நாலாபக்கமும் நெருக்கி, தோட்டம் ஒடுங்கிப் போயிருந்தது.

அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பாஸ் இருந்ததால் வண்டிச் செலவு இல்லை. அம்மா விடியற்காலையே எழுந்து புளியோதரை கிளறி, வாழையிலையில் பொட்டலம் கட்டி, பெரிய தூக்கில் அடுக்குவாள். வேகவைத்த வேர்க்கடலை தனி மஞ்சள் பையில். கரும்பை அப்பா முழம் முழமாக வெட்டிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட்டின் சிவப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு நடப்போம். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டும்போது அப்பாவின் நடை தளரும். கிளியும் மைனாவும் புறாவும் விற்கிற வரிசைப் பக்கம் மட்டும் அவர் எங்களை விடமாட்டார். கூண்டைக் கண்டால் தம்பி அங்கேயே உட்கார்ந்துகொள்வான் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே போனதும் நேராகச் சிங்கக் கூண்டுக்கு ஓடுவோம். நாங்கள் நிற்கிற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி, அதற்கப்புறம் கொஞ்சம் இடைவெளி, பிறகு கூண்டின் தடித்த கம்பிகள். சிமெண்டுத் தரை. பின்சுவரில் உள்ளறைக்குப் போக ஒரு சின்னக் கதவு. ஆண் சிங்கம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்கும். நாலு எட்டு, திரும்பும். நாலு எட்டு, திரும்பும். திரும்புகிற இடத்தில் பிடரி கம்பியில் உரசும். ஒரே இடத்தில் உரசி உரசி அந்தப் பக்கத்து மயிர் தேய்ந்து, தோல் தெரிந்தது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த தம்பி அது திரும்பும்போதெல்லாம் கைதட்டுவான். தரையைக் கழுவிவிட்ட தண்ணீரும் இறைச்சியும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை அங்கே நிற்கும். ஊர் திரும்பிய பிறகும் என் பாவாடையில் அந்த வாடை இருப்பதாகத் தோன்றும். எனக்கு அது பிடித்திருந்தது. சிங்கத்தைப் பார்த்ததற்குச் சாட்சியாக அது என்னோடு வந்தது.

பிற்பகலில் இரும்பு வாளியில் மாட்டிறைச்சி வரும். வாளிச் சத்தம் கேட்டதுமே சிங்கம் நிற்கும். கூட்டம் முண்டியடித்து முன்னால் வரும். காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஒரு பெரியவர் நீண்ட கொக்கியால் இறைச்சியைக் கம்பிக்கு அடியில் தள்ளுவார். அது கவ்வுகிற வேகத்தில் எல்லோரும் ஒரு அடி பின்வாங்கிக் கத்துவோம். அந்தப் பெரியவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சிங்கத்திடம் மட்டும் ஏதோ தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். நாலு கால் உயிரிடம் அப்படி மரியாதையாகப் பேசுகிற ஒருவரை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். பிற்காலத்தில் விலங்கியல் எடுத்துப் படித்ததற்கு அவரும் ஒரு காரணம்.

குரங்குக் கூண்டில் கூட்டம் இன்னும் அதிகம். எங்கள் மஞ்சள் பைக் கடலை அங்கேதான் தீரும். கம்பிக்குள்ளிருந்து கறுத்த விரல்கள் நீண்டு, உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். அந்த விரல் நுனியின் சில்லிப்பு இப்போதும் என் கையில் இருக்கிறது. ஒருமுறை எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் எரிகிற பீடியைக் குரங்கிடம் நீட்டினார். அது வாங்கிக் கடித்துச் சுட்டுக்கொண்டு கிறீச்சிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஆளுக்கு எதிரே போய் நின்றாள். “உன் வூட்டுப் புள்ளைக்கு இப்படிக் குடுப்பியா?” என்றாள். ஊரில் ஆம்பிளைகளுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டாள் அவள். அந்த ஆள் முனகிக்கொண்டே நகர்ந்துவிட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை; அம்மாவின் கையிலிருந்த தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கு அம்மா சொன்னதைச் சட்டமே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் சேர்த்த திருத்தத்தின்படி, காட்சி சாலை விலங்கைச் சீண்டுவதும், காயப்படுத்துவதும், அதற்குத் தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும், குப்பை போடுவதும் தண்டனைக்குரிய குற்றம். சட்டம் வருவதற்கு வெகுநாள் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. இதை என் மாணவிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ராத்திரி தங்கல் பட்டணத்திலேயே, சூளையில் அத்தை வீட்டில். மாமாவுக்கு அச்சகத்தில் வேலை. ஒரே அறை, ஆனால் மொட்டை மாடி உண்டு. தை மாதக் குளிரில் பாயும் போர்வையுமாகப் பிள்ளைகள் எல்லோரும் மாடிக்குப் போய்விடுவோம். ரயிலும் பஸ்ஸும் பற்றிக் கதை பேசி, பேச்சு ஓய்கிற நேரத்தில் அது கேட்கும். முதலில் தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவது போல் ஒரு முனகல். பிறகு நெஞ்சுக்குள் அதிர்கிற நீண்ட குரல், அடுத்தடுத்து. பிறகு குறுகிக் குறுகித் தேய்ந்து நின்றுவிடும். “ராஜா கூப்பிடறாரு, தூங்குங்கடா” என்பாள் அத்தை. பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ஏதாவது எஞ்சின் ஊதும். மறுபடியும் சிங்கம். ஊரில் யாருக்கும் கிடைக்காத பாக்கியம் எங்கள் அத்தைக்குக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கும் என்று பின்னால் வகுப்பில் பாடம் நடத்தினேன். தன் கூட்டத்தைக் கூப்பிடவும், இது என் எல்லை என்று அயல் சிங்கங்களுக்கு அறிவிக்கவும் அது கர்ஜிக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் சூளைக்கும் இடையில் அந்த அழைப்புக்கு ஆள் கிடையாது. அத்தை சொன்னது சரிதான், அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் கூப்பிட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

அந்த நாலு எட்டு நடைக்கும் பிறகுதான் காரணம் விளங்கியது. பசியால் நடக்கிறது என்றார் அப்பா. சோம்பல் முறிக்கிறது என்றார் மாமா. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2003-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பல நாட்டுக் காட்சி சாலைகளில் இருக்கும் ஊனுண்ணிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், காட்டில் எந்த விலங்கு அதிகப் பரப்பில் சுற்றித் திரியுமோ அதுதான் அடைப்பில் அதிகமாக முன்னும் பின்னும் நடக்கிறது, அதன் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன என்று தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. நாங்கள் கைதட்டி ரசித்தது ஒரு நோய். அதே சமயம் அப்பாவின் தோளும், அம்மாவின் புளியோதரையும், சிங்கத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து மூச்சடைத்துப் போனதும் பொய்யில்லை. என் சந்தோஷத்துக்கான விலையை அந்த விலங்கு கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாரையும் தனியே குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் பெரும்பாலான நகரங்களில் காட்சி சாலை என்றால் அப்படித்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் கார்ல் ஹாகன்பெக் என்பவர் 1907-லேயே கம்பிகளை எடுத்துவிட்டு, நடுவில் அகழி வெட்டி, திறந்த வெளியில் விலங்குகளை விட்டுக் காட்டினார். ஆனால் அகழிக்கு இடம் வேண்டும். சென்ட்ரலுக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தோட்டத்தில் அந்த இடம் எங்கே? வண்டிச் சத்தமும் புகையும் வருஷத்துக்கு வருஷம் ஏறின. 1976-இல் தமிழ்நாடு வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேரை ஒதுக்கியது. 1979-இல் வேலை தொடங்கியது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இரண்டு மாதத்துக்குள் எங்கள் காணும் பொங்கல் வழியில் பாதி அழிந்துபோனது. அப்பாவுக்கு மூர் மார்க்கெட் போனதுதான் தாங்கவில்லை. நான் அப்போது வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். சிங்கங்கள் காட்டுக்குள் போய்விட்டன என்று படித்ததில் எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

பிறகு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வண்டலூர் போய்வருவது என் வேலையின் ஒரு பகுதி ஆனது. சர்க்கஸ்களில் வித்தை காட்டிய சிங்கம், புலிகளையெல்லாம் மீட்டுக்கொண்டுவந்து, மக்கள் கண்ணில் படாத தனி மையத்தில் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்காகவே 2001-இல் இன்னும் 92 ஹெக்டேர் சேர்ந்தது. ஆயுள் முழுக்க வேடிக்கைப் பொருளாக இருந்த ஒரு உயிர், கடைசிக் காலத்தில் யாரும் பார்க்காமல் மரத்தடியில் படுத்துக்கிடக்கலாம் என்று ஒரு அரசாங்கம் முடிவெடுத்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் பூங்காவின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைத் தொட்டது. சோதித்த 11-இல் 9 சிங்கங்களுக்குத் தொற்று இருந்தது; நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. அந்தச் செய்தியைக் கேட்டு அழுதேன். நம் மூச்சுக் காற்று எட்டாத தூரத்தில் அவற்றை வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த நேரம் அது.

இந்த வருடக் காணும் பொங்கலுக்குத் தம்பி குடும்பமும் என் மகன் குடும்பமுமாக வேன் எடுத்துக்கொண்டு போனோம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு வண்டலூர் பக்கம் முன்பிருந்த ஊராகவே தெரியவில்லை. வாசலில் ஜனம் நெரிந்தது. பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிட்டார்கள். இரண்டாவது படிக்கிற என் பேத்தி அதைக் கைக்கடிகாரம் மாதிரி பெருமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்து வைத்தார்கள். சாப்பாட்டை வேனிலேயே விட்டுவிட்டோம். புளியோதரைதான், அம்மா பக்குவத்தில் என் மருமகள் செய்தது.

புலி அடைப்புக்கு முன்னால் இருநூறு பேராவது நின்றிருப்போம். மூங்கில், புதர், ஒரு குட்டை, மேட்டு நிலம். புலி மட்டும் இல்லை. யாரோ விசிலடித்தார்கள். ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்து உறுமிக் காட்டியது. காவலுக்கு நின்ற பெண் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மூங்கில் நிழலில் ஒரு காது மட்டும் அசைந்தது. பேத்தி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “ஆயா, அதோ காது!” என்றாள். தம்பி எட்டிப் பார்த்தான்; அவனுக்குத் தெரியவில்லை.

“இன்னாத்துக்குக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? அப்போ கைக்கு எட்டற தூரத்துல பார்த்தோமே. இப்போ காட்டறதே காதுதானா?”

அவன் வாட்டம் எனக்குப் புரிந்தது. பேரப்பிள்ளைகள் முன்னால் தன் சின்ன வயசுச் சிங்கத்தை மறுபடி காட்ட வந்தவன் அவன். ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிங்கமும் புலியும் பகலின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிற பிறவிகள். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட ஓய்வெடுக்கும். பட்டப்பகலில் ஒரு புலி புதருக்குள் தூங்குகிறது என்றால் அதற்குக் குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். “அது நடந்துகிட்டே இருந்தா நான் கவலைப்படுவேன்டா. தூங்குது பாரு, அதுக்காகத்தான் வந்தேன்” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சிங்கத்தின் தேய்ந்த பிடரி அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும். அவன் அப்பாவின் தோள்மேல் இருந்து பார்த்தவன். என்னைவிட அவனுக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

சோலைமந்திகளிடம் எங்கள் பாதி நாள் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். அதனால் சிங்கவால் குரங்கு என்றும் பெயர். கேரளத்தில் சைலன்ட் வேலியில் அணை கட்டக் கூடாது என்று மக்கள் போராடியபோது இந்தக் குரங்குதான் அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தது; 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. வண்டலூரில் இவற்றை இனம் பெருக்கி வளர்த்து வருகிறார்கள். ஒரு தாய் தரையில் கிடந்த சிறு கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பு முகத்தோடு குட்டி அதன் வயிற்றில் தொங்கியது. தாய் புரட்டிப் போட்ட கல்லைக் குட்டி கையை நீட்டி மறுபடி புரட்டிப் பார்த்தது. பேத்தி தடுப்பில் முகவாயை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். “ஏன் ஆயா ஒரே கல்ல ரெண்டு தடவ பாக்குது?” என்று கேட்டாள். கத்துக்குது என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்கு நான் ஓய்வு பெற்ற பிறகும் மறக்காத பாடமெல்லாம் தேவைப்பட்டது. என் கையில் கடலை இல்லை, எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் நிறையத் தூரம் இருந்தது. அந்தத் தாய் எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் எதையும் எதிர்பார்க்காத குரங்கை என் பேத்தி அவள் வயசிலேயே பார்த்துவிட்டாள். எனக்கு அது கிடைக்கவில்லை.

பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது. பேட்டரி வண்டிக்கு வரிசையில் நின்று களைத்து, நடந்தே அங்கே போனோம். நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன. ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்து வெயிலில் காயவைத்தது. இவையெல்லாம் யாரும் பிடித்துவந்து விட்டவை இல்லை. தண்ணீரும் மரமும் அமைதியும் இருப்பதைக் கண்டு தாமாக வந்தவை. கூட்டம் அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயர்ப்பலகையோடு அடைப்புக்குள் இருப்பதைத்தான் காட்சி என்று நினைக்கிறோம். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாக்களிலும் இந்த ஏரியைத்தான் முதலில் தவிர்ப்பார்கள், நேரம் இல்லை என்று. ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு மணி நேரமாவது இங்கே பிள்ளைகளை உட்காரவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று மணிக்கு வேனுக்குத் திரும்பிப் புளியோதரையைப் பிரித்தபோது தம்பி மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை வேறு பேச்சு. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஊரிலிருந்து வர வண்டிச் செலவு, நுழைவுச்சீட்டு, பேட்டரி வண்டி, பிள்ளைகள் கேட்கிற ஐஸ்கிரீம் எல்லாம் கூட்டினால் எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டான். “அப்பா சம்பளத்துல இருந்தா நம்மள இங்க கூட்டிட்டு வந்திருப்பாரா?” என்றான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பழைய உயிர் காலேஜ் ஊருக்கு நட்டநடுவில் இருந்தது. தொடக்கத்தில் மக்களுக்கு இலவசமாகவே திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் காலத்தில் சில்லறைக் காசுதான். ராத்திரி வண்டிக்குக் காத்திருக்கிற குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும். மூர் மார்க்கெட்டில் சுமை இறக்கியவர்கள் தலையில் சும்மாட்டோடு சிங்கத்தின் முன்னால் நிற்பார்கள். நாங்கள் பொட்டலம் பிரித்த புல்தரையில் எங்களுக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள். விலங்குகளுக்கு இடம் கொடுப்பதற்காக ஊரை விட்டு வெளியே போனது சரியான முடிவு. அந்த முடிவின் செலவு ஏழை வீட்டுப் பிள்ளையின் தலையில் விழக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் படித்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது, காசு வாங்காமல், அவசரப்படுத்தாமல் அழைத்துவந்து காட்டினால் என்ன? சோலைமந்தியைப் பார்த்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு காட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது வித்தியாசம் இருக்கும் என்று நான் நம்புகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவளின் நம்பிக்கை இது.

தம்பி அன்றைக்கே சமாதானமாகிவிடவில்லை. ஆனால் ஊருக்கு வந்த மறுவாரம் அவனே ஒரு யோசனை சொன்னான். எங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். யாரும் வண்டலூர் பார்த்ததில்லை. அவனும் நானுமாகப் பாதிப் பாதி போட்டு அவர்களைக் கூட்டிப்போவது என்று முடிவாகியிருக்கிறது. விடியற்காலை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வழி வண்டி ஏறினால், கதவு திறக்கிற நேரத்துக்கு வண்டலூரில் இருக்கலாம்; வெயில் ஏறுவதற்கு முன்னால் விலங்குகள் நடமாட்டமாக இருக்கும். பண்டிகை நாள் வேண்டாம், சனி ஞாயிறும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. கோடை லீவில் ஒரு புதன்கிழமை பார்த்து வைத்திருக்கிறோம். யார் யார் வருகிறார்கள் என்று பேத்தி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள்.